குதிரைப் பந்தயத்தில் வேக எண்: எல்லா முறைகளையும் போட்டுப் பார்த்த அனுபவம்

நியூஜெர்சிக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆர்வம் வந்தது. அதிலும் பணம் கட்டுவதைவிட, ஓடி முடித்த குதிரை உண்மையில் எவ்வளவு வேகமாக ஓடியது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும் கணக்கில்தான் மனம் போனது. ஸ்பீடு ஃபிகர் என்பார்கள். வேக எண் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தயாரிக்கப் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கும் மேலாக மாலை நேரம் முழுக்க இதில் போனது. ஏழாயிரம் டாலர் அளவுக்குக் கைப்பணமும் போனது. பாதிக்கு மேல் பந்தயத்தில் கட்டியது, மீதி தரவுக்கும் மென்பொருளுக்கும் கொடுத்தது. நம் தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் இது பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் திறமையைத் தேடிப் போகிறவர் எங்கெங்கே தடுக்கி விழுவார் என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு குதிரை ஆறு பர்லாங் (ஒரு பர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு) தூரத்தை ஓரிடத்தில் 1 நிமிடம் 10 வினாடியில் ஓடுகிறது, அடுத்த மாதம் இன்னோரிடத்தில் 1 நிமிடம் 12 வினாடியில் ஓடுகிறது. இதை வைத்து அது தளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மண் எவ்வளவு ஆழமாகக் கிளறப்பட்டிருந்தது, ஈரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பொறுத்து ஒரே தடத்திலேயே நாளுக்கு நாள் நேரம் மாறும். கடிகாரம் சொன்ன நேரத்திலிருந்து அந்த நாளின் தடத்தால் வந்த பங்கைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வேக எண். கழிக்கிற அந்தப் பங்குக்கு வேரியண்ட் என்று பெயர். எல்லா முறைகளுக்கும் இடையிலுள்ள சண்டை இந்த வேரியண்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான். இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. அதுவரை சூத்திரத்தைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓஷன்போர்ட்டில் இருக்கும் மான்மவுத் பார்க் பந்தயத் திடல் எங்கள் வீட்டுக்குக் கிட்ட. கோடை விடுமுறைக்கு ஒருமுறை குடும்பத்தோடு போனபோது டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழை முதல்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களுக்குப் பக்கத்திலும் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தது. வாஷிங்டன் போஸ்ட்டில் பந்தயப் பத்தி எழுதிவந்த ஆண்ட்ரூ பையர் உருவாக்கிய எண் அது. 1992 முதல் அந்த இதழில் வருகிறது. மலிவான குதிரைகள் 60, 70 என்று வாங்கும், பெரிய பந்தயக் குதிரைகள் 100 தாண்டும். 2022இல் பசிபிக் கிளாசிக் பந்தயத்தை ஃபிளைட்லைன் என்ற குதிரை 19 குதிரை நீளத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தபோது 126 கொடுத்தார்கள். எண் பெரிதாக இருக்கும் குதிரை அடிக்கடி ஜெயித்ததைப் பார்த்ததும் எனக்கு ஒரே பரபரப்பு. ஆனால் அந்தக் குதிரைதான் பெரும்பாலும் எல்லோரும் அதிகமாகப் பணம் கட்டுகிற பேவரிட்டாகவும் இருந்தது, ஜெயித்தாலும் கைக்கு வந்தது சொற்பம். எல்லோர் கையிலும் இருக்கிற எண்ணில் லாபம் இருக்காது, நாமே ஒன்று போட்டால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் முதலில் எடுத்தது மிகப் பழைய முறை. அந்தத் தடத்தில் அந்தத் தூரத்துக்குக் கடந்த மூன்று வருடங்களில் பதிவான சிறந்த நேரம் 100. அதைவிட ஒவ்வோர் ஐந்தில் ஒரு பங்கு வினாடி தாமதத்துக்கும் ஒரு புள்ளி குறையும். அன்றைய ஜெயித்த குதிரைகள் 100க்குச் சராசரியாக எவ்வளவு கீழே இருந்தன என்பது வேரியண்ட். இரண்டையும் கூட்டினால் எண் கிடைத்துவிடும். ஒரு மாலையில் கற்றுக்கொண்டு விடலாம், தவறான முடிவுகளுக்கும் அதே வேகத்தில் போய்ச் சேரலாம். ஏனென்றால் இதில் தடம் மெதுவாக இருந்ததா, குதிரைகள் மட்டமாக இருந்தனவா என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை. ஒரு சாதாரண வாரநாளில் 85 வாங்கிய குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஓடியதெல்லாம் மலிவுக் குதிரைகள், சராசரிக் குறைவு 20. கூட்டினால் 105. மான்மவுத்தில் ஹாஸ்கல் என்ற பெரிய பந்தயம் நடக்கும் ஜூலை சனிக்கிழமையில் இன்னொரு குதிரையும் அதே 85. ஆனால் அன்றைக்கு வந்தவை நல்ல குதிரைகள், அதனால் சராசரிக் குறைவு 12தான். கூட்டினால் 97. தடம் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இரண்டு ஓட்டமும் சமம். ஆனால் கணக்கு என்னை வாரநாள் குதிரையின்மேல் பணம் கட்டச் சொல்லும். நானும் கட்டினேன். இந்த முறையை யாராவது இன்றைக்கு உங்களுக்குச் சொல்லித் தந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அந்த முறையில் இன்னொரு பழைய பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்த முறையை எடுத்தாலும் இதைச் சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள். பின்னால் வந்த குதிரையின் நேரத்தை யாரும் தனியாகத் தருவதில்லை. ஜெயித்த குதிரையின் நேரமும், மற்றவை எத்தனை லெங்த் பின்னால் வந்தன என்பதும்தான் சார்ட் என்கிற பந்தய முடிவுப் பட்டியலில் இருக்கும். லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம். ஒரு லெங்த்துக்கு ஐந்தில் ஒரு பங்கு வினாடி என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பர்லாங் என்பது 3,960 அடி. 71 வினாடியில் ஓடினால் வினாடிக்கு கிட்டத்தட்ட 56 அடி. குதிரையின் நீளம் எட்டு, ஒன்பது அடி. அப்படியானால் ஒரு லெங்த்துக்கு 0.15, 0.16 வினாடிதான் வருகிறது. பன்னிரண்டு லெங்த் பின்னால் வந்த குதிரைக்குப் பழைய கணக்கில் 2.4 வினாடி கூட்டுவோம். உண்மையில் கூட்ட வேண்டியது 1.9 அளவுதான். அரை வினாடி என்பது மூன்று லெங்த்துக்கு மேல். தோற்ற குதிரைகளையெல்லாம் இந்த ஒரே பழக்கம் தப்பான இடத்தில் உட்கார வைத்துவிடும். அதேபோல ஒரு வினாடியின் மதிப்பும் தூரத்துக்குத் தூரம் வேறு. 70 வினாடி ஓட்டத்தில் ஒரு வினாடி 1.4 சதவீதம், 104 வினாடி ஓட்டத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. புள்ளிகளைச் சதவீதத்தில் கட்டினால் இந்தச் சிக்கல் போய்விடும்.

இரண்டாவது, பார் நேர முறை. ஒவ்வொரு தூரத்துக்கும் ஒவ்வொரு தரத்துக்கும் ஜெயிக்கிற குதிரை வழக்கமாக எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே பட்டியல் போட்டுக்கொள்வது. அன்றைய பந்தயங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பாரைவிட எவ்வளவு வேகம், எவ்வளவு தாமதம் என்று பார்த்து, அதன் சராசரியை வேரியண்டாக எடுத்துக்கொள்வது. முந்தைய முறையின் பெரிய ஓட்டையை இது அடைத்துவிடுகிறது, குதிரைகளின் தரம் கணக்குக்குள் வந்துவிடுகிறது. கேட்கும்போதே மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பதற்குள் ஒரு குளிர்காலமே போய்விட்டது. ஈக்விபேஸ் இணையதளத்தில் பழைய சார்ட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து ஒவ்வொரு பந்தயமாகத் தட்டச்சு செய்தேன். பிள்ளைகள் தூங்கியதும் ஆரம்பித்தால் நடுநிசி தாண்டிவிடும்.

பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் தரம் என்று நாம் சொல்வது எவ்வளவு வழுக்கலானது என்று தெரிந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான பந்தயங்கள் கிளெய்மிங் வகை. ஓடுகிற குதிரையைக் குறிப்பிட்ட விலைக்கு உரிமம் உள்ள யாரும் வாங்கிக்கொள்ளலாம், அந்த விலைதான் தரம். ஆனால் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்கிற 10,000 டாலர் பந்தயமும், வாழ்நாளில் ஒருமுறைக்கு மேல் ஜெயிக்காத குதிரைகளுக்கு மட்டும் என்கிற 10,000 டாலர் பந்தயமும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் பல லெங்த் வித்தியாசம் உண்டு. பெட்டைக் குதிரைகளுக்குத் தனிப் பார் வேண்டும். அந்தந்த மாநிலத்தில் பிறந்த குதிரைகளுக்கென்று ஒதுக்கிய பந்தயத்துக்குத் தனிப் பார் வேண்டும். பரிசுத்தொகை ஏறினால் அதே விலைக்கு வருகிற குதிரையின் தரமும் மாறிவிடும், அதனால் மூன்று வருடத்துக்கு முந்தைய பாரை இன்றைக்கு அப்படியே நம்ப முடியாது. பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் நாலைந்து பந்தயம்தான் மிஞ்சுகிறது. அதில் சராசரி எடுத்து என்ன பயன்? கடைசியில் நான் செய்தது, கட்டங்களைக் குறைத்து, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று ஓர் ஏணியாக அமைத்தது. ஒரு தடத்துக்கு மட்டும் ஏணி கட்டினால் போதும் என்றும் முடிவெடுத்தேன். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்தக் குளிர்காலத்தில் பாதி எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். பார்க்ஸ், அக்விடக்ட், மான்மவுத் என்று மூன்று தடத்தையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அக்விடக்டில் ஒரு மைல் பந்தயம் ஒரே வளைவில் முடிந்துவிடும். மான்மவுத்தின் மண் தடத்துக்குச் சுற்றளவே ஒரு மைல், அங்கே அதே தூரத்துக்கு இரண்டு வளைவு. பெயர் ஒன்று, ஓட்டம் வேறு.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை பார் முறையும் என்னைக் கைவிட்டது. முதல் மூன்று பந்தயம் காய்ந்த தடத்தில் ஓடியது. பிறகு கொட்டியது. இங்கே மழை வரும் என்று தெரிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும்படி தடத்தை உருட்டி இறுக்கிவிடுவார்கள். அதனால் சேறாகத் தெரிகிற தடம் சில சமயம் வேகமாக இருக்கும், பிறகு காய ஆரம்பிக்கும்போதுதான் குதிரையின் காலைப் பிடிக்கும். 2007இல் பிரீடர்ஸ் கப் என்ற பெரிய பந்தயத் தொடர் இதே மான்மவுத்தில் சேற்றில்தான் நடந்தது, அதன் முக்கியப் பந்தயத்தைக் கர்லின் என்ற குதிரை ஜெயித்தது. நான் சொன்ன அந்த மழைச் சனிக்கிழமை நாள் முழுவதற்கும் ஒரே வேரியண்ட் போட்டிருந்தேன். இரண்டாவது பந்தயத்தில் ஓடிய மலிவுக் குதிரைகளெல்லாம் தங்கள் வாழ்நாளிலேயே மோசமான எண்ணையும், ஏழாவது பந்தயத்துக் குதிரைகளெல்லாம் வாழ்நாளின் சிறந்த எண்ணையும் வாங்கியிருந்தன. அந்த எண்களை நம்பி அடுத்த சில வாரங்களில் கட்டிய பணம் அப்படியே போனது. காற்றும் இதே வேலையைச் செய்யும். எதிர்ப்பக்க நேர்தடத்தில் காற்று முகத்தில் அடித்தால் கடைசி நேர்தடத்தில் அது முதுகைத் தள்ளும். இரண்டு வளைவுப் பந்தயத்தில் கடைசி நேர்தடத்தை இரண்டு தடவை கடக்கிறார்கள், ஒரு வளைவுப் பந்தயத்தில் ஒரு தடவைதான். அதனால் குறுந்தூரத்துக்கு ஒரு வேரியண்ட், நெடுந்தூரத்துக்கு ஒரு வேரியண்ட் என்று குறைந்தது இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மழை நாளில் எந்தப் பந்தயத்துக்குப் பிறகு தடம் மாறியது என்று பார்த்து அங்கேயும் வெட்டுங்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. அன்றைய பந்தயங்களைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இங்கேதான் பையரும் அவருடைய குழுவினரும் செய்கிற மூன்றாவது முறை வருகிறது. அவர்கள் தரத்தின் பாரை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை, ஓடிய குதிரைகளையே அளவுகோலாக வைக்கிறார்கள். இந்தப் பந்தயத்தில் முதலில் வந்தவை வழக்கமாக 70, 72, 75 வாங்குகிறவை; அப்படியானால் இதை ஜெயிக்க 74 அளவு தேவைப்பட்டிருக்கும் என்று முன்கணித்துக்கொள்வது. கடிகாரக் கணக்கு 80 என்று காட்டினால் தடம் 6 புள்ளி வேகம். அன்றைய மற்றப் பந்தயங்களும் 5, 6, 7 என்று வந்தால் நிம்மதியாக ஆறைக் கழித்துவிடலாம். நான் போட்டுப் பார்த்ததில் இதுதான் சிறந்த முறை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை அதிகமாகத் தூங்கவிடாமல் செய்ததும் இதுதான். ஒரே ஒரு பந்தயம் மட்டும் 15 புள்ளி வேகம் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? அதில் ஓடியவை இதுவரை ஜெயிக்காத இரண்டு வயதுக் குட்டிகள். எல்லாமே ஒரே நாளில் முன்னேறியிருக்கலாம். கடிகாரம் பிசகியிருக்கலாம். அந்த அரைமணி நேரத்துக்குத் தடம் மாறியிருக்கலாம். தடம்தான் காரணம் என்று வைத்து 15ஐக் கழித்தால், உண்மையிலேயே பிரமாதமான ஒரு குட்டி சாதாரணக் குதிரையாகக் கணக்கில் பதிவாகிவிடும். கழிக்காமல் விட்டால், இல்லாத ஒரு வேகத்தை ஏழெட்டுக் குதிரைகளுக்கு எழுதிவைத்திருப்போம். அடுத்து அவை ஓடும் பந்தயங்களுக்கு அதே எண்தான் அளவுகோல், அதனால் பிசகு சுற்றிச்சுற்றி வரும். நான் போட்ட எண்கள் ஒரு பருவம் முழுக்க மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிருந்தன. ஆகஸ்டில்தான் கவனித்தேன். ஒரே குதிரை, அதே தோழர்களோடு, மே மாதத்தைவிட ஆறு புள்ளி அதிகம் வாங்கியிருந்தது. அதன் ஓட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. இதற்கு மருந்து, முன்கணிப்பையும் பாரையும் சேர்த்தே வைத்திருப்பது. மாதம் ஒருமுறை எல்லா எண்களின் சராசரியையும் பாரோடு ஒட்டிப் பாருங்கள். விலகினால் அளவுகோல் நழுவுகிறது என்று அர்த்தம்.

நான்காவதாக ஷீட்ஸ் என்று சொல்லப்படும் வகை. லென் ராகோசின் கொண்டுவந்தது ஒன்று, முன்பு அவரிடம் வேலை பார்த்த ஜெர்ரி பிரவுன் தொடங்கிய தோரோகிராஃப் இன்னொன்று. இதில் எண் சிறியதாக இருந்தால் நல்லது. நேரத்தோடு குதிரை சுமந்த எடை, வளைவில் எவ்வளவு வெளியே சுற்றி ஓடியது, காற்று எல்லாமே உள்ளே போகும். ஐந்து பவுண்டு எடைக்கு ஒரு புள்ளி. ஒரு குதிரை அகலம் சுமார் மூன்றடி என்று வைத்தால், அரைவட்ட வளைவில் ஒரு வரிசை வெளியே ஓடினால் ஒன்பது அடிக்கு மேல் கூடுதல் தூரம், அதாவது ஒரு லெங்த்துக்குச் சற்று மேல். நாலாவது வரிசையில் ஓடிய குதிரைக்கு மூன்று லெங்த் நஷ்டம், இரண்டு வளைவென்றால் ஆறு. இது சின்ன விஷயமே இல்லை. ஆனால் இதை நாமே அளக்க ஒவ்வொரு பந்தயத்தின் ரீப்ளேயையும் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு குதிரையும் எந்த வரிசையில் வளைந்தது என்று குறிக்க வேண்டும். ஒரு நாள் பந்தயத்துக்கு நாலு மணி நேரம் ஆனது எனக்கு. கண் எரியும். அப்படி உழைத்த பிறகும், உள்வேலியோரம் மண் ஆழமாக இருந்த நாட்களில் வெளியே ஓடியதுதான் லாபம் என்பதை அந்த அளவை சொல்லாது. முழுநேரமாக ஆள் வைத்துச் செய்கிற வேலை இது. தேவையென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகிற ஒருவர் வீட்டில் செய்யக்கூடியது இல்லை.

இதில் நான் வீணாக்கிய ஒரு வசந்தகாலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையர் எண்ணையும் ஷீட்ஸ் எண்ணையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்ற ஒரு வாய்பாடு கண்டுபிடித்துவிட்டால் இரண்டையும் ஒப்பிடலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் சில குதிரைகள் பிடிவாதமாக வெளியே நின்றன. பிறகுதான் தெளிந்தது: ஒன்று, குதிரை எவ்வளவு சீக்கிரம் முடிவுக்கோட்டுக்கு வந்தது என்று சொல்கிறது, மற்றது, அங்கே வர அது எவ்வளவு உழைத்தது என்று சொல்கிறது. வெளியே நின்றவையெல்லாம் சுற்றி ஓடிய குதிரைகள், அல்லது பாரம் அதிகம் சுமந்தவை. அந்த வித்தியாசம் எண் மாற்றத்தில் வந்த பிழை அல்ல, அதுவேதான் தகவல். ஒரு முறையில் நன்றாகவும் இன்னொரு முறையில் சுமாராகவும் தெரிகிற குதிரையை ஓரமாக எடுத்து வைத்து ரீப்ளே பாருங்கள். ஒப்பிடுவதால் கிடைக்கும் உண்மையான பயன் அதுதான்.

அப்புறம் மென்பொருள். ஒரு விற்பனையாளரிடம், பெயர் வேண்டாம், பெரிய தொகை கொடுத்து வாங்கினேன். கடந்த சில வருடப் பந்தயங்களில் தங்கள் எண்ணில் முதலிடம் வந்த குதிரையின்மேல் கட்டியிருந்தால் இவ்வளவு லாபம் என்று வரைபடம் காட்டியிருந்தார்கள். நானே ஓட்டிப் பார்த்தபோதும் அதே லாபம் வந்தது. நிஜப் பணம் கட்டியபோது மட்டும் வாராவாரம் இறங்கியது. என் கணக்கிலும் இதே கதைதான், பழைய பந்தயங்களில் லாபம், புதியவற்றில் நஷ்டம். மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் இதுதான்: முன்கணிப்பு முறையில் சந்தேகமான எண்களைப் பின்னால் திருத்துவது வழக்கம். அந்தக் குதிரைகள் மறுபடி நன்றாக ஓடினால் பழைய எண் உயர்த்தப்படும், சுமாராக ஓடினால் தாழ்த்தப்படும். திருத்துவது நேர்மையான வேலைதான், அளவுகோல் சரியாக இருக்க அது தேவை. ஆனால் திருத்திய எண்ணை வைத்து அந்த மறு ஓட்டத்தையே கணித்துப் பார்த்தால், பந்தயத்தின் முடிவு ஏற்கெனவே எண்ணுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். லாபம் வராமல் எப்படி இருக்கும்? விற்பனையாளரிடம் கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அதனால் யாருடைய எண்ணை வாங்கினாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இது பந்தயத்தன்று காலையில் இருந்த எண்ணா, பிறகு திருத்தியதா? உங்கள் கணக்கில் தினமும் காலை எண்களைத் தேதி போட்டுத் தனிக் கோப்பில் சேமித்துவிடுங்கள், அதை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். சோதனை எல்லாம் அந்தக் கோப்பின்மேல்தான்.

அப்படி ஒரு பருவம் சேமித்துப் பார்த்த பிறகு, முன்கணிப்பும் பாரும் சேர்ந்த என் எண் மற்ற எல்லாவற்றையும்விட ஜெயிக்கும் குதிரையை நன்றாகக் காட்டியது. அப்போதும் நஷ்டம்தான். இதை ஜீரணிக்கத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இங்கே பந்தயப் பணம் எல்லாம் ஒரு பானையில் சேர்ந்து, நடத்துபவர் பங்கு போக மீதிதான் ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. நியூயார்க் தடங்களில், ஜெயிக்கிற குதிரையை மட்டும் சொல்லும் வின்னுக்கு 16 சதவீதம், முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்லும் டிரைஃபெக்டாவுக்கு 24 சதவீதம் முதலிலேயே போய்விடும். எதிரே நிற்கிற மற்றவர்களும் வேக எண் பார்க்கிறவர்கள். பேவரிட் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஜெயிக்கிறது என்றால் கூட்டம் முட்டாள் இல்லை என்றுதானே அர்த்தம். ஹாங்காங்கில் கணினியில் ஒரு கணித மாதிரியை (மாடல்) வைத்துப் பெரும் பணம் சம்பாதித்த பில் பென்டர் 1994இல் தன் முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதில் என்னை நிறுத்திய இடம், அவர் தன் மாதிரியின் கணிப்பை மட்டும் நம்பவில்லை என்பது. கூட்டம் கட்டிய பணத்தால் அமைகிற பந்தய விலை சொல்கிற வாய்ப்பையும் அதனோடு கலந்துதான் கட்டினார். நான் இரண்டு வருடமாக யாருடைய எண் சரி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது, விலைக்குள் இல்லாத எது என் எண்ணில் இருக்கிறது என்பதை.

அந்த நாட்களில் ஓர் ஞாயிறு மாலை என் மனைவி வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது பொழுதுபோக்கா, கடனா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பந்தயப் பணத்துக்குத் தனிக் கணக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று இருவரும் சேர்ந்து வைத்த வரம்பு. எண் சரியாக வருகிறது என்கிற உற்சாகம்தான் அதிகமாகக் கட்ட வைக்கும், தோற்றதை மீட்கிற வெறியைவிட அது மோசம். கை நிற்கவில்லை என்றால் 1-800-GAMBLER என்ற உதவி எண் இருக்கிறது, கூப்பிடுங்கள்.

இப்போது நான் மான்மவுத் மண் தடத்துக்கு மட்டும் எண் போடுகிறேன். பந்தய நாள் முடிந்ததும் பாரை வைத்து முதல் வேரியண்ட், பிறகு குதிரைகளை வைத்து அதைத் திருத்துவது, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டுவது, ஏன் வெட்டினேன் என்று ஒரு வரி எழுதி வைப்பது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு வரிதான் எனக்கு மிகப் பிரயோசனமாக இருக்கிறது. பிரசுரமான எண்ணும் என் எண்ணும் பெரிதாக விலகும்போது அந்த வரியைப் பார்ப்பேன். தடம் மாறிய நேரத்தை நான் நேரில் பார்த்ததால் வந்த வித்தியாசம் என்றால் கொஞ்சம் கட்டுவேன். காரணம் எழுதவில்லை என்றால் பிரசுரமான எண்தான் சரி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன். கட்டுகிற பந்தயங்கள் மிகவும் குறைந்துவிட்டன. போன பருவம் கையைக் கடிக்காமல் போனது, அவ்வளவுதான். லாபம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

புல் தடத்துக்கு எண் போடுவதை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு அங்கே நடப்பதே சில பந்தயங்கள்தான், வேரியண்டுக்குப் போதாது. புல் தேயாமல் இருக்க வேலியை அவ்வப்போது நகர்த்துவார்கள், சுற்றின் நீளமே மாறும். இதோடு ரன்-அப் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் கதவு திறந்தவுடன் கடிகாரம் ஓடாது, குதிரைகள் கொஞ்ச தூரம் ஓடி வேகம் எடுத்த பிறகுதான் நேரம் தொடங்கும். அந்தத் தூரம் பந்தயத்துக்குப் பந்தயம் வேறு. சார்ட்டின் அடியில் அடிக்கணக்கில் போட்டிருப்பார்கள், நானே அதை வெகுநாள் கவனிக்கவில்லை. கூடுதல் தூரம் ஓடிவந்து தொடங்கிய பந்தயத்தின் நேரம் சும்மாவே நன்றாகத் தெரியும். மண் தடத்துக்கு எண் போட்டாலும் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு நான் கடைசி இரண்டு பர்லாங் ஓட்டத்தை மட்டும் ரீப்ளேயில் பார்த்துவிட்டு, எண் இல்லாமலே ஒரு குறிப்பு எழுதிக்கொள்கிறேன்.